ஓமவாட்டர் குடிங்க என்றேன்

தினேஷ், இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நான் முதலில் செய்த வேலை, அரிசி டிரம்முக்குள் கையை விட்டதுதான். முழங்கை வரை அரிசிக்குள் போனால்தான் அந்தப் பழைய பிஸ்கட் டப்பா தட்டுப்படும். உன் அத்தை கல்யாண வேலைக்கென்று வந்து ஹாலில் படுத்திருக்கிறார். மூடிச் சத்தம் அவர் காதில் விழக்கூடாது என்று புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துத் திறந்தேன். டப்பாவுக்குள் என் நெஞ்சுவலி மாத்திரைகள் எல்லாம் இருக்கின்றன. காலைக்கு உண்டானதை எடுத்துச் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று விழுங்கினேன். இத்தனை வருஷம் இந்த வீட்டில் சமைத்துப் போட்ட நான் இந்த வீட்டிலேயே திருடித் தின்கிறவள் மாதிரி நிற்கிறேனே என்று இருந்தது. டப்பாவைத் திரும்ப அரிசிக்குள் புதைக்கக் கை வரவில்லை. அதை மேசை மேல் வைத்துக்கொண்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

போனில் சொல்லலாம்தான். நீ ஓசூரில் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் "விடும்மா, அதெல்லாம் ஒன்னுமில்ல" என்பாய், நானும் விட்டுவிடுவேன். நம் இருவருக்கும் விட்டுவிடுவது நன்றாகப் பழகிப்போயிருக்கிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். மற்ற அம்மாக்கள் இந்த நேரத்தில் மகனுக்கு நல்ல வார்த்தையாக நாலு சொல்வார்கள். எனக்குச் சொல்வதற்கு இருப்பது வெட்கப்பட வேண்டிய ஒரு சங்கதி. அதைச் சொன்ன பிறகுதான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

இந்த வலி எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக அந்த மேட்டை ஏற வேண்டும். தினமும் ஏறுகிறேன். மூச்சு வாங்கும், வலிக்காது. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால், நெஞ்சுக்கு நடுவில் யாரோ துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி வரும். எழுந்து நடந்தால் கொஞ்சம் அடங்கும். அதனால் நான் உட்காருவதையே நிறுத்திவிட்டேன். நின்றுகொண்டே பாடம், நின்றுகொண்டே சாப்பாடு. சத்துணவு சமைக்கிற அம்மா, "டீச்சர், நீங்க நிக்கறதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்பார். வீட்டிலும் அப்படித்தான். பஸ்ஸில் சீட்டு இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சுறுசுறுப்பானவள், ஒரு நிமிஷம் சும்மா உட்காரமாட்டாள் என்று எனக்கு நல்ல பெயர் வந்தது. அந்தப் பெயரை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் முதலில் கேஸ் என்றார். அடுத்து ஒருவர் நாடித் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை கொடுத்தார். அதைப் போட்ட பிறகு வலி முன்பைவிட அடிக்கடி வந்தது. விடியற்காலையில் என்னை எழுப்பிவிடும். இதை ஒரு நாள் வாய்தவறி உன் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "உக்காந்தா வலிக்கிதாம், வேலை செஞ்சா வலிக்கலயாம். இந்த மாதிரி வியாதி நம்ம ஊட்டு மருமவளுங்க எல்லாத்துக்கும் வந்தா எவ்ளோ நல்லாருக்கும்." எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல பேச்சுத்தான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஈசிஜியில் மாறுதல் தெரிந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அப்போது நீ வந்திருந்தாய். மணிக்கட்டு வழியாக மை செலுத்திப் படம் எடுத்தார்கள். வெளியே உன் அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் ஆபரேஷன் என்ற முடிவோடு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வந்து அடைப்பு எதுவும் இல்லை என்றார். உன் அப்பா கும்பிட்டார். சித்தப்பா உடனே டீ வாங்கப் போனார். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை என்னைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. என்னை உள்ளே அழைத்துப் படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டினார். "சாதாரணமா இதயம் மூணு துடிப்பு துடிக்கறதுக்குள்ள இந்த மை கடைசி வரைக்கும் போயிடும்மா. உங்களுக்குப் பாருங்க." பார்த்தேன். கறுப்பு மை பாதி தூரம் போய், யோசித்து யோசித்து ஊர்ந்துகொண்டிருந்தது. பெரிய குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன, அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழாய்கள் இறுகிக்கொள்வதால் ஓட்டம் மந்தமாகிறது, சும்மா இருக்கும்போதுகூட வலி வருவது இதில் உண்டு என்று சொன்னார். "அடைப்பில்லன்னா ஒன்னுமில்லன்னு அர்த்தம் கிடையாது. ஸ்டென்ட் வைக்க இதுல இடமில்ல, மருந்துதான். எல்லாருக்கும் ஒரே மருந்து கேக்காது. ஒன்னொன்னா குடுத்துப் பாக்கணும். நீங்களா நிறுத்தாதீங்க." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். நடந்தால், பளு தூக்கினால் வந்து, நின்றால் போகிற வலிதான் பெரும்பாலும் அடைப்பு வலி, அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, உங்களுடையது வேறு வகை என்றார். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வருகிறது.

வேனில் திரும்பும்போது உன் அப்பா சந்தோஷமாக இருந்தார். அவருக்குத் தெரிந்த பாஷையில் எனக்குத் தைரியம் சொன்னார். "கோமுகி வாய்க்கா மாதிரிதான் டீச்சரே. வாய்க்கா சுத்தமா இருக்குது, ஒடைப்பு இல்ல, தூர் இல்ல. அப்புறம் இன்னா பயம்?" கடைமடையில் இருக்கிற நம் கரும்புக் கொல்லைக்குத் தண்ணீர் வராமல் இரண்டு முறை பயிர் காய்ந்ததை நான் அவருக்கு நினைவுபடுத்தியிருக்கலாம். சுத்தமான வாய்க்கால்தான் அதுவும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தினேஷ், அப்போது நான் நினைத்ததை எழுதக் கூசுகிறது. ஒரு அடைப்பாவது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இத்தனை பேரை அலையவிட்டு, வேலை கெடுத்து, ஒன்றுமில்லாமல் திரும்புகிறேனே என்று அவமானமாக இருந்தது. பரீட்சையில் பெயில் ஆனவள் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து விசாரித்தவர்களிடம் எல்லாம் நானே முந்திக்கொண்டு "ஒன்னுமில்ல, கேஸ்தான்" என்றேன்.

ஆனால் மருந்து வேலை செய்தது. பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு டில்டியாசெம் என்று ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். வலி கம்மியானது, கணுக்கால் வீங்கியது. மெட்டி விரலை அறுத்தது, வயிறு இறுகிக்கொண்டது. வலி முழுதாக நிற்கவில்லை என்று அடுத்து நிக்கோராண்டில் சேர்த்தார்கள். முதல் வாரம் மண்டைக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் தாங்காமல் மரத்தடிக்குப் போய் நின்றேன். பழகப் பழக அது அடங்கியது. கொழுப்பே இல்லாத எனக்கு எதற்குக் கொழுப்பு மாத்திரை என்று கேட்டதற்கு, ரத்தக் குழாயின் உள்பக்கத் தோலுக்கும் அது நல்லது என்றார்கள். தினமும் வந்த வலி வாரத்துக்கு ஒரு முறை ஆனது, பிறகு எப்போதாவது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பாடம் முழுக்க நடத்தினேன். மாத்திரைக்கு அடங்குகிறது என்றால் வலி இருந்தது என்றுதானே அர்த்தம். அதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் கேஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேனே.

அப்போதுதான் மணலூர்பேட்டையிலிருந்து உனக்குச் சம்பந்தம் வந்தது. நந்தினியை எனக்குப் பார்த்தவுடன் பிடித்தது. உனக்கும்தான். இப்போதெல்லாம் பெண் வீட்டில்தான் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள், கேட்கட்டும், நல்லதுதான். மாமியார் நோயாளியா, நம் பெண் போய் அவளுக்குப் பணிவிடை செய்ய வேண்டுமா என்று பார்க்கிறார்கள். நீ போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாய். "அம்மா, அவங்க வந்தா அந்த மாத்திரைய எல்லாம் வெளிய வெக்காத. யாராச்சும் கேட்டா பிபின்னு சொல்லிடு." சரிப்பா என்றேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலியை மறைக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். நீ நாலாவது படிக்கும்போது காது வலிக்கிறது என்று அழுதாய். டீச்சர் பிள்ளை மட்டம் போட்டால் ஊர் சிரிக்கும் என்று உன்னைத் தரதரவென்று பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனேன். மறுநாள் தலையணையில் சீழ் இருந்தது. அதற்குப் பிறகு நீ எதற்கும் வலிக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை. விளையாட்டில் கை முறிந்தபோதுகூடச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் வந்தாய். எவ்வளவு தைரியமான பையன் என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போன நாள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய்த்தான் எடுக்க வேண்டும். நாம் வேன் வைத்துக்கொண்டு விடியலில் கிளம்பி, மணலூர்பேட்டையில் அவர்களை ஏற்றிக்கொண்டோம். அதற்கு முந்தைய மூன்று நாளும் நான் அந்தக் கேப்ஸ்யூலைப் போடவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பாய். பட்டுக் கடையில் வெள்ளை மெத்தையில் காலை மடக்கி உட்கார வேண்டும், செருப்பைக் கழற்றினால் வீங்கின கணுக்கால் தெரியும், பெண் வீட்டுப் பெண்கள் எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். வீக்கம் வடியட்டும் என்று நிறுத்தினேன். நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் நிறுத்தினேன். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை மட்டும் பொட்டு டப்பாவுக்குள் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன்.

ஆற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. இட ஒதுக்கீட்டு மறியல். போராட்டம் திரும்பவும் தொடங்கிய வருஷம் இது என்பதால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மீசை முளைக்காத வயதில் இதே கோரிக்கைக்கு ரோட்டில் புளியமரம் வெட்டிப் போட்டவர் உன் அப்பா. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்ம பசங்கதான். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வுட்டுடுவாங்க" என்று சம்பந்தியை அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அத்தை நிழல் பார்த்து இறங்கினார். நீயும் நந்தினியும் கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கம் போனீர்கள். வேனுக்குள் நானும் நந்தினியின் அம்மாவும், உனக்கு மாமியாராகப் போகிறவர், மட்டும் இருந்தோம். எனக்கு வலி வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து முதுகுக்குப் பாய்ந்தது. எழுந்து நிற்க வேனில் இடம் இல்லை. கைப்பை மடியில் இருந்தது. அதைத் திறந்தால் போதும்.

அப்போது உன் மாமியார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "அண்ணி, உங்களாண்ட ஒன்னு கேக்கட்டா? நீங்க படிச்சவங்க."

"கேளுங்க."

"கொஞ்ச நாளா மாட்டுக்குத் தண்ணி தூக்கினு நாலு எட்டு வெச்சா, இங்க பாறாங்கல்ல வெச்சா மாதிரி அமுத்துது." நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை விரித்து வைத்துக் காட்டினார். "இந்தக் கை, தாடை வரைக்கும் இழுக்குது. நின்னுட்டா போய்டுது. இன்னாவா இருக்கும்?"

"யாராண்டயாவது சொன்னீங்களா?"

"யாராண்ட சொல்றது? நந்தினியாண்ட சொன்னா கல்யாணமே வேணாம்னு அழுதுக்கினு உக்காந்துடும்."

எனக்கு அது என்ன என்று தெரியும், தினேஷ். சந்தேகமாகத் தெரியும் என்பதுகூட இல்லை. டாக்டர் சொன்ன அந்த அடைப்பு வலி, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத வலி, அதே வரிசையில் அந்த அம்மாள் வாயிலிருந்து வந்தது. இதைக் காட்ட வேண்டும் என்று நான் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். என் கதை வெளியே வரும். ஜன்னலுக்கு வெளியே நந்தினி உன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தாள். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இதுவரை எழுதியது நியாயமான காரணம் போல உனக்குத் தோன்றலாம். இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த அம்மாளுடைய வலி படத்தில் தெரிகிற வலி. இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் டாக்டர் விரலை வைத்து இதோ என்று காட்டுவார், வீட்டார் எல்லோரும் நம்புவார்கள், யாரும் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கமாட்டார்கள். ஒரு நொடிதான் அப்படி நினைத்தேன். அந்த நொடியில்தான் வாயைத் திறந்தேன்.

"கேஸா இருக்கும் அண்ணி. ஓமவாட்டர் குடிங்க" என்றேன்.

அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி. "நானும் அதான் நெனச்சேன்" என்றார்.

மறியலில் இருந்த ஒரு பையன் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். உன் வயதுதான் இருக்கும். ஜன்னலில் கையை வைத்துக் குனிந்து, "அம்மா, வண்டியில யாருக்காச்சும் உடம்பு கிடம்பு சரியில்லன்னா சொல்லுங்க, வுட்டுடறோம்" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. "யாருக்கும் ஒன்னுமில்ல தம்பி" என்றேன் நான். "நாங்க கல்யாணப் பொடவைக்குப் போறோம்" என்றார் உன் மாமியார். அவன் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான். பிறகு நீ எங்களுக்கு ஜூஸ் கொண்டுவந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இப்படி வேர்த்திருக்குதே, நீ மாத்..." என்று ஆரம்பித்து, மாமியாரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாய். "வெயில்டா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாய். அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வலி தானாக அடங்கும் வரை கைப்பை மூடியேதான் இருந்தது.

காஞ்சிபுரத்தில் பட்டுப் பிரிவு மாடியில். எல்லோரும் ஏறிவிட்டார்கள். உன் மாமியார் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, சுவரில் மாட்டியிருந்த ஒரு புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சாதாரணப் பூனம் புடவை. அதை அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றும் இல்லை. அவருக்குக் கீழே நான் நின்றுகொண்டிருந்தேன். "நல்லாருக்குது இல்ல?" என்று கேட்டார். குரலில் காற்றே இல்லை. "நல்லாருக்குது" என்றேன். கடைசியில் அரக்கும் பச்சைக் கரையும் எடுத்தோம், உனக்குத் தெரியும். வெள்ளை மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்தேன். என் கணுக்காலை யாரும் பார்க்கவில்லை.

மறுநாளே கேப்ஸ்யூலை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். என் வலி அடங்கிவிட்டது. நான் மருந்தைப் போட்டுக்கொண்டு இங்கே இருக்கிறேன். அவர் அங்கே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். தினமும் போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மலை பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போகும் வரை யோசித்துக்கொண்டே போவேன். சிக்னல் போனதும் இனி முடியாது என்று ஆறுதலாக இருக்கும். நேற்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். பத்திரிகை கொடுக்க யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பேசினார். கடைசியில், "அண்ணி, நீங்க சொன்ன ஓமவாட்டர் குடிச்சிக்கினு வரேன். கொஞ்சம் தேவலாம் போல கீது. நம்ம ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னாரு. டீச்சரு சொல்லிட்டாங்க, கேஸ்தான், கல்யாணம் முடியட்டும்னு சொல்லிட்டேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இருந்தவரை என் ஒரு வார்த்தை வீட்டில் உட்காரவைத்திருக்கிறது. போனை வைத்த பிறகு உன் அத்தை, யார் பேசினது என்று கேட்டார். சம்பந்தி, நல்லாருக்காங்களாம் என்றேன்.

உனக்கு நான் சொல்ல வைத்திருந்த நல்ல வார்த்தை இதுதான். நந்தினி ஒரு நாள் உன்னிடம் வலிக்கிறது என்பாள். எங்கே, எதனால், ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார். டாக்டர் ஒன்றுமில்லை என்றாலும் அவளுக்கு வலிக்கிறது என்றால் இன்னொரு டாக்டரிடம் போ. உனக்கு வலித்தாலும் அவளிடம் சொல். சட்டைக்குள் கையை மறைத்துக்கொண்டு வராதே. ஒருவேளை இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு இந்தப் புத்தியைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். தோன்றினாலும் கேட்டுக்கொள்.

நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வெள்ளிமலை பஸ் இப்போதுதான் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் ஏறவில்லை. உன் அப்பா கொல்லைக்குப் போயிருக்கிறார், நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அத்தை எழுந்து வந்து மேசை மேல் இருக்கும் டப்பாவைப் பார்த்து, "இது இன்னா இவ்ளோ மாத்திரை?" என்று கேட்டார். நெஞ்சுவலிக்கு என்றேன். அவர் காபி போடப் போய்விட்டார். மற்றதை அவரிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் செய்யப்போவது முடிந்திருக்கும். டப்பாவை எடுத்துக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் போகிறேன். மாத்திரைகளை எல்லாம் உன் மாமியார் மடியில் கொட்டி, நான் சொன்னது பொய், எனக்கு இது எப்படித் தெரியும் என்றால் இப்படித்தான் என்று காட்டப்போகிறேன். இன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். கல்யாணம் தள்ளிப்போகலாம், நின்றுபோகவும் செய்யலாம். நீ என் மேல் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. இன்றைக்கும் மறியல் இருக்கும் என்கிறார்கள். நாங்கள் போகும் வழியில் ஒரு பையன் ஜன்னலில் கையை வைத்துக் குனிந்து கேட்டால், ரெண்டு பேருக்கு உடம்பு சரியில்ல தம்பி, வழி வுடுங்க என்று சொல்லப்போகிறேன்.